சாய்ந்த முற்றத்தில் ஒரு சைலன்சர்

உங்களில் யாராவது ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்குப் படம் அனுப்புகிறீர்கள். வீட்டு முற்றத்தில் ஜக் வைத்துத் தூக்கிய கார். அதன் வயிற்றில் புத்தம் புதிய சைலன்சர், துலக்கி வைத்த குத்துவிளக்கு மாதிரி மின்னிக்கொண்டிருக்கும். கீழே ஒரு வரி: "மாஸ்டர், எப்படி இருக்கு?" நான் சைலன்சரைப் பார்ப்பதில்லை. ஸ்ப்ரிங்கையும் பார்ப்பதில்லை. கார் நிற்கிற தரையைப் பார்ப்பேன். "தரை தெரிகிற மாதிரி இன்னொரு படம் அனுப்பவும்" என்று பதில் எழுதுவேன். கிழவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று உங்களுக்குள் பேசிக்கொள்கிறீர்களாம். எனக்கு ஐம்பத்தேழு வயதுதான். ஆகியிருப்பதெல்லாம் இடுப்புக்கு மட்டும்.

தம்பிமார்களும், அண்மையில் நம் தொழிலுக்கு வந்திருக்கும் ஒரே தங்கையும் கேட்டதற்காக அந்தத் தரை விஷயத்தை எழுதுகிறேன். இதில் எப்படி நட்டு முடுக்குவது என்பதெல்லாம் இருக்காது. அதை உங்கள் போனே என்னைவிட நன்றாகச் சொல்லும். போன் சொல்லாமல் விடுவதைத்தான் நான் சொல்ல வேண்டும்.

றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் வேர்க்ஷாப்பில் முப்பது வருடம் இருந்தேன். வார நாட்களில் கொழுந்து லொறி, டிராக்டர், துரையின் ஜீப். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் சொந்த ராஜ்ஜியம். குவாட்டர்ஸுக்கு முன்னால் இருந்த முற்றத்தில் வெளியார் கார்களுக்கு சைலன்சர் மாற்றுவேன், ஸ்ப்ரிங்கும், குலுக்கலை அடக்குகிற ஷொக்கும் போடுவேன். அந்த ஞாயிறுகளை இப்போது நினைத்தால் முதலில் வருவது மணம்தான். பழைய கிரீஸ், நனைந்த சாக்கு, பக்கத்து வீட்டில் தாளிக்கிற கருவாட்டுக் குழம்பு. மூன்றும் கலந்த ஒரு மணத்தை எந்தக் கடையிலும் விற்கவில்லை. விற்றால் நான் வாங்குவேன். மூடுபனி மலையிலிருந்து இறங்கி முற்றத்துக்குள் வந்து, காரையும் என்னையும் மறைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும். காருக்கு அடியில் நான் படுத்திருக்க, மேலே நாலைந்து பேர் குந்தியிருந்து அபிப்பிராயம் சொல்வார்கள். அவர்களில் ஒருவரிடமும் கார் கிடையாது. அதனால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை லோகு தன் காரைக் கொண்டுவந்தான். லோகு அட்டன் டவுனில் ஹயர் ஓடுகிறவன், அதாவது வாடகைக் கார் ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயது, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், இருபது வருடப் பழைய ஜப்பான் கார். அந்தக் காரின் சைலன்சர் ஓட்டையாகிப் பல மாதம் ஆகியிருந்தது. அவன் இரண்டாம் வளைவில் வரும்போதே தேநீருக்குத் தண்ணீர் வைக்கலாம். பின் ஸ்ப்ரிங்குகள் களைத்துப்போய், பள்ளத்தில் விழுந்தால் எழுந்திருக்க யோசிக்கும்.

"அண்ணே, நாளைக்குக் காலையில பங்களாவுக்குப் போவணும்" என்றான் இறங்கியதும்.

எங்கள் தோட்டத்து மேல் பங்களா அப்போது வெளிநாட்டுக்காரர் வந்து தங்கும் ஹோட்டலாக மாறியிருந்தது. அங்கிருந்து விருந்தாளிகளை ஸ்டேஷனுக்கு ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு கார் தேடிக்கொண்டிருந்தார்கள். மனேஜர் திங்கட்கிழமை தானே ஏறிப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். விருந்தாளிகள் இருவர் எட்டரைக்குப் புறப்படுகிறார்கள், அவர்களோடு மனேஜரும் முன் சீட்டில் வருவார், சத்தமும் குலுக்கலும் இல்லாவிட்டால் ஒப்பந்தம் லோகுவுக்கு.

"டவுன்ல நின்னு நின்னு கால் வீங்குதுண்ணே. ஒரு நாளைக்கு ஒரு ஹயர். சில நாளு அதுவுமில்ல. இது மட்டும் கெடச்சிச்சின்னா மூச்சு விட்டுக்குவேன்."

அட்டனில் வாங்கிய புது சைலன்சர், புது ஸ்ப்ரிங், புது ஷொக் எல்லாம் பின்சீட்டில் மாப்பிள்ளைத் தோரணையில் சாய்ந்திருந்தன. காருக்கென்றே செய்த சாமான்கள் அல்ல. பொருந்தும் என்று கடைக்காரர் நம்பிக்கை தெரிவித்த சாமான்கள். நானும் நம்பிக்கை தெரிவித்தேன்.

ஒரு வாக்குமூலம். அந்த வருடம்தான் நான் வீடியோ பார்த்து வேலை பழக ஆரம்பித்திருந்தேன். படிக்கிற பழக்கம் உள்ளவனுக்கு ஒரு வியாதி உண்டு: ஒரு விஷயத்தைப் பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டால் அதில் பட்டம் வாங்கிவிட்டதாக நினைப்பான். வீடியோ வந்த பிறகு படிக்கக்கூட வேண்டியதில்லை. எங்கோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு தாடிக்காரர் தன் வீட்டு கராஜில் இதே வேலையைச் செய்து காட்டினார். அவருடைய கராஜ் தரை கேரம் போர்ட் மாதிரி இருந்தது. எதை எத்தனை சுற்று முடுக்க வேண்டும், எங்கே எண்ணெய் தொட வேண்டும் எல்லாம் சொன்னார். "மட்டமான ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள்" என்று மட்டும் ஒரே ஒரு தடவை, அதுவும் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் பிறந்ததிலிருந்து வேறு மாதிரி இடத்தையே பார்த்ததில்லை போலிருக்கிறது.

என் முற்றம் மட்டம்தான் என்று நான் உறுதியாக நம்பினேன். ஆதாரமும் இருந்தது. குவாட்டர்ஸ் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு மழைத்தண்ணீர் தெறிக்காமலிருக்கக் கறுப்பாகத் தார்ப் பட்டி அடித்திருக்கும். நீங்களும் பார்த்திருப்பீர்கள், எல்லாத் தோட்டத்திலும் உண்டு. காரின் மூக்கு சுவரைப் பார்க்க நிறுத்துவேன். வேலை முடிந்ததும் பத்தடி பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பம்பரையும் தார்ப் பட்டியையும் ஒப்பிடுவேன். இரண்டும் ஒரே கோட்டில் ஓடினால் கார் நேர். இருபத்தைந்து வருடம் இதுதான் என் அளவுகோல். யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு ஸ்ப்ரிங் போட்டு இறக்கியதும் பார்த்தால், பள்ளத்துப் பக்கம், அதாவது காரின் இடது பின்பக்கம், ஒரு விரல் தாழ்ந்திருந்தது. மேலே குந்தியிருந்த குழு உடனே தீர்ப்புச் சொன்னது.

"எடது ஸ்ப்ரிங் சொத்தண்ணே."

"சொத்தையில்ல, கட்டை. அளந்து பாருங்க."

அளந்து பார்த்தேன். இரண்டும் ஒரே உயரம். எனக்கு அப்போதே ஓர் உறுத்தல் வந்திருக்க வேண்டும். ஒரே உயரமான இரண்டு ஸ்ப்ரிங், ஒன்று மட்டும் ஏன் தாழ்கிறது? ஆனால் தார்ப் பட்டி கண்ணெதிரே இருக்கிறது. சுவர் பொய் சொல்லுமா? இடது ஸ்ப்ரிங்குக்கு மேலே ஒரு ரப்பர் வளையத்தைத் திணித்தேன். பம்பர் தார்ப் பட்டிக்கு இணையாக வந்து நின்றது. குழு கைதட்டியது.

சைலன்சர் குழாயை வலது பக்கமாக வளைத்து ஒட்டினேன். கார் ஜக்கில் இருக்க, சக்கரங்கள் காற்றில் தொங்க, எங்கும் படாமல் குழாய் தாராளமாக நின்றது. ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்திருக்கிற பெரிய மனிதர் மாதிரி. சாயங்காலம் நானும் லோகுவும் இரண்டு வளைவு ஓட்டிப் பார்த்தோம். சத்தமே இல்லை. லோகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டான். சாய்வு ஏதும் தெரியவில்லை. நம் ரோட்டில் எது நேர், எது சாய்வு என்று யாருக்குத் தெரியும்?

திங்கட்கிழமை காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டான். "நீங்களும் வாங்கண்ணே, ஒரு தைரியத்துக்கு" என்றான். நானும் போனேன். பாராட்டு ஏதாவது சிந்தினால் பொறுக்கிக்கொள்ளலாமே.

பங்களாவின் போர்ட்டிகோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் மலைகளில் ஒரு காலத்தில் மட்டமாக வெட்டிய இடங்கள் மூன்றே மூன்று: தொழிற்சாலை, டென்னிஸ் ஆடுகிற இடம், துரை பங்களா. மலையைச் சீவி மட்டமாக்கியவர்கள் எங்கள் பாட்டன்மார். வேலை முடிந்ததும் அவர்கள் சாய்வில் கட்டிய லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிப் போனார்கள். அந்தப் போர்ட்டிகோவில் சிவப்புச் சீமெந்துத் தரை, சதுரம் சதுரமாகக் கோடு போட்டது. இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண்கள். அந்தத் தூண்களுக்கு நடுவே லோகு காரைக் கொண்டுபோய் நிறுத்தினான்.

விருந்தாளிகள் ஒரு முதிய தம்பதி. பின்சீட்டில் ஏறினார்கள். டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள். மனேஜர் முன்னால் ஏறினார். சிங்கள இளைஞர், இஸ்திரி கலையாத சட்டை. எனக்கு இடமில்லை, படியில் நின்றேன். அப்போதுதான் அந்தக் காரைப் பின்னாலிருந்து, மட்டமான தரையில், தூண்களுக்கு நடுவில் முதல் தடவை பார்த்தேன்.

கார் வலது பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, காதில் ரகசியம் கேட்கிற மாதிரி.

முதலில் நான் சந்தேகப்பட்டது பங்களாவை. நூறு வருடக் கட்டடம், தூண் சரிந்திருக்கலாம் என்று தூணைப் பார்த்தேன். தூண் என்னைப் பார்த்தது. மனிதன் தன் தவறை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் எத்தனை பேரை விசாரிக்கிறான் பாருங்கள்.

என் முற்றம் சாய்வு, அந்தச் சாய்வில் பாரம் பள்ளத்துப் பக்கம் சரிந்ததால்தான் கார் அங்கே தாழ்ந்தது, நான் ரப்பர் திணித்தது இல்லாத நோய்க்கு என்று எல்லாம் ஒரே மூச்சில் புரிந்துவிட்டது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். சாய்ந்த கார் ஸ்டேஷன் வரை போகும். யாரும் சாக மாட்டார்கள். மத்தியானம் சரிசெய்துவிடலாம். இருந்தாலும் கால் சும்மா இருக்கவில்லை. பின்னால் போய், ஏதோ விழுந்ததைத் தேடுகிறவன் மாதிரி மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன்.

நாலு பேரும் இரண்டு பெட்டியும் ஏறியதில் காரின் பின்பக்கம் நன்றாக அமுங்கியிருந்தது, வலது பக்கம் இன்னும் அதிகமாக. வலது பின்சக்கரத்துக்குப் போகிற பிரேக் ஹோஸ், விரல் தடிப்பான ரப்பர் குழாய், தொய்ந்து வளைந்து, நேற்று நான் பெருமையோடு ஒட்டிய சைலன்சர் குழாயின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது. சக்கரம் தொங்கும்போது தாராளமாக இருந்த இடைவெளி இப்போது இல்லவே இல்லை.

இரும்புக் குழாய் சூடாகும். ரப்பர் உருகும். பங்களாவிலிருந்து அட்டனுக்கு முழுக்க முழுக்க இறக்கம், வளைவுக்கு வளைவு பிரேக்.

"என்னண்ணே?" ஜன்னல் வழியாக லோகு.

"ஒண்ணுமில்ல. ஒரு நிமிசம்."

இனி நான் செய்ததைக் கவனமாகப் படியுங்கள். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். சட்டைப் பையில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி இருந்தது. நம் ஆட்கள் பையில் சீப்பு இல்லாமல் இருப்போம், கம்பி இல்லாமல் இருக்க மாட்டோம். வெள்ளைச் சட்டையோடு சிவப்புச் சீமெந்தில் படுத்து, ஹோஸைக் கம்பியால் மேலே இழுத்துக் கட்டினேன். குழாயில் படவில்லை. அழகாக இருந்தது. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, "சரி, போ" என்றேன்.

கார் நகர்ந்தது. சத்தமே இல்லை. அந்த நேரத்திலும் அதைக் கவனித்துப் பெருமைப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை.

போர்ட்டிகோவிலிருந்து கேட் வரை அந்தப் பாதை புல்வெளியைச் சுற்றி வளைந்து போகும். கார் பாதி வளைவு போயிருக்கும். என் கையில் மிஞ்சியிருந்த கம்பித் துண்டைப் பார்த்தேன். அந்த ஹோஸ் தொய்வாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு: சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது நீள வேண்டும். நான் அதை இழுத்துக் கட்டிவிட்டேன். பாதையில் முதல் பெரிய பள்ளத்தில் சக்கரம் கீழே விழுந்ததும் ஹோஸ் அறுந்துபோகலாம். மெதுவாக உருகியிருக்க வேண்டியதை, சட்டென்று அறுகிற மாதிரிச் செய்திருக்கிறேன். முதல் தவறு தெரியாமல் செய்தது. இரண்டாவதை முதல் தவறு வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத் தெரிந்தே செய்தேன்.

ஓடினேன். ரப்பர்ச் செருப்பு ஒன்று போர்ட்டிகோவிலேயே நின்றுவிட்டது. பாதையைச் சுற்றிப் போக நேரமில்லை. புல்வெளிக்குக் குறுக்கே விழுந்து ஓடினேன்.

"ஏய், புல்லு! புல்ல மிதிக்காதீங்க!" என்று பங்களாத் தோட்டக்காரர் கத்தரிக்கோலோடு கத்தினார். அவர் கவலை அவருக்கு.

கேட்டுக்குப் பத்தடி முன்னால் காரின் எதிரே போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். லோகு பிரேக்கை மிதித்தான். பிரேக் பிடித்தது.

லோகு இறங்கி ஓடிவந்து என் காதோரம் பேசினான். "என்னண்ணே இது, மானம் போவுது. ட்ரெயின் இருக்கு."

"பிரேக் ஹோஸ் சரியில்ல. இந்தக் கார் இங்கேருந்து போவக் கூடாது."

"ஒரே ஒரு ட்ரிப்புண்ணே. மெதுவா உருட்டிக்கிட்டே போறேன். எறக்கிட்டு நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வாறேன்."

"சாவியக் குடு, லோகு."

"அண்ணே... அப்ப சாமான் டூப்ளிகேட்டுன்னாவது சொல்லிருங்க. கடக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுங்க."

நல்ல யோசனை. உண்மையைச் சொன்னால் அந்த வாக்கியம் என் நாக்கிலும் தயாராகவே இருந்தது. நம் தொழிலில் எல்லோருடைய நாக்கிலும் அது எப்போதும் தயாராக இருக்கும். கடைக்காரர் அட்டனில் இருக்கிறார்; பங்களா வரை வந்து மறுக்கப்போவதில்லை.

அதற்குள் மனேஜர் இறங்கிவிட்டார். "பாஸ், மொகத மே?" என்ன இது என்று கேட்டார். பாஸ் என்றால் நம் நாட்டில் தொழில் தெரிந்தவன் என்று அர்த்தம். ஒற்றைச் செருப்போடு, வெள்ளைச் சட்டையில் சிவப்புத் தூளோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவனை அவர் அப்படி அழைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கார் நல்ல கார். ட்ரைவர் நல்ல ட்ரைவர். சாமானிலும் பிழையில்லை. நேற்று பூட்டியவன் நான், பிழையாகப் பூட்டிவிட்டேன், அது இப்போதுதான் தெரிந்தது. இதில் இறக்கத்தில் போகக் கூடாது.

அவர் போனை எடுத்து, டவுனிலிருந்து ஒரு வேனை வரச் சொன்னார். இருபது நிமிடத்தில் வந்தது. ஓட்டிவந்தவன் லோகுவுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவன்தான். லோகுவைப் பார்க்காத மாதிரிப் பெட்டிகளை மாற்றி ஏற்றினான். புறப்படும்போது அந்த வெள்ளைக்கார அம்மாள் எனக்குக் கைகூப்பி வணக்கம் சொன்னார். காரை மறித்துக் கைவிரித்து நிற்பது எங்கள் ஊரில் வழியனுப்புகிற முறை என்று நினைத்துக்கொண்டார் போலும்.

புல்லை மிதித்ததற்கு என்னைத் திட்டி முடித்த தோட்டக்காரர்தான் வழி சொன்னார். "பின்னாடி பழைய துரை கார் நிறுத்துன எடம் இருக்கு. குழியும் இருக்கு. தள்ளிட்டுப் போங்க." மூவரும் தள்ளினோம். அங்கும் மட்டமான தரை. நடுவில், கீழே இறங்கி நின்று வேலை பார்க்கிற குழி. நான் இறங்கிக் கம்பியை அவிழ்த்து, ஹோஸைக் கையால் வளைத்துப் பார்த்தேன்.

அடிப்பக்கத்தில், சிறு நகம் அளவுக்கு, ரப்பர் பளபளவென்று உருகிச் சுருங்கியிருந்தது.

இன்றைக்குக் காலையில் கார் ஏற்றத்தில்தான் வந்தது, நாங்கள் இரண்டு பேர்தான், இருவரும் முன்னால். நேற்றுச் சாயங்காலமும் இரண்டே பேர். இரண்டு பேருக்கு அது அமுங்கியிருக்காது. பின்னால் ஆள் ஏற்றாமல் இந்தச் சூடு பட்டிருக்க வழியில்லை.

"லோகு, இங்க வா. நேத்து என் வீட்டுலேருந்து போன பொறகு வண்டிய எங்க எடுத்த?"

குழிக்குள் இறங்கி வந்தான். என் டோர்ச் வெளிச்சத்தில் அந்த இடத்தைப் பார்த்தான். விரலை வைத்துத் தடவினான்.

"வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைங்க, எங்கம்மா. எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு அட்டன் வரைக்கும் போயிட்டு வந்தேன்" என்றான். "புது சைலன்சர்னு காட்ட. புள்ளைங்க ரெண்டும் சத்தமே கேக்கலப்பான்னு கத்திக்கிட்டே வந்துச்சுங்க."

நான் டோர்ச்சை அணைத்தேன்.

"அந்த ரெண்டு வெள்ளக்காரவங்களுக்காக மண்டி போட்டுப் பாத்தீங்க" என்றான் லோகு. குரலை உயர்த்தவில்லை. "நேத்து ஏன் பாக்கலண்ணே?"

தம்பிமாரே, முப்பது வருடத்தில் துரைமார் திட்டியிருக்கிறார்கள், சங்கத்துக்காரர் திட்டியிருக்கிறார்கள். எதுவும் என்னை இப்படி நிறுத்தவில்லை. நேற்று அவன் யாரை ஏற்றுவான் என்று நான் கேட்கவேயில்லை. கார் வெறுமையாக அழகாக நிற்கிறதா என்றுதான் பார்த்தேன். கார் என்பது ஆட்கள் ஏறுகிற சாமான் என்பது, பங்களா வாசலில் ஆட்கள் ஏறிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அட்டனுக்கு பஸ்ஸில் போய்ப் புது ஹோஸ் வாங்கிவந்தது லோகுதான். அதற்குள் நான் ரப்பர் வளையத்தைக் கழற்றினேன். தொங்கவிட்டு முடுக்கியதையெல்லாம் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்கும்போது மறுபடி முடுக்கினேன். கார் தூணைப் போல நேராக நின்றது. குழாயை வேறு வழியில் வளைக்க அங்கே வசதியில்லை. கழற்றிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு புது ஹோஸைப் பூட்டி, சைலன்சர் இல்லாமலே இறங்கினோம். மலை முழுக்க அதிர்ந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "லோகண்ணே, ஹெலிகொப்டர் வாங்கிட்டீங்களா?" என்று ஒரு குரல் வந்தது. லோகு சிரிக்கவில்லை. நானும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புள்ளக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், இருபது வருடம் இருந்தவள். எந்தக் கதையையும் முடியும்வரை கேட்கிற பொறுமை உண்டு. அப்போது தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நம்ம முத்தம் சாய்வாம். இந்த வீடே சாய்வு போலருக்கு. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு" என்றேன்.

"கல்லப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். தோசைக்கல்லில் ஊற்றிய எண்ணெய் முழுக்கப் பள்ளத்துப் பக்கமாய் ஒதுங்கி நின்றது.

"கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து இப்பிடித்தான் போவுது. அந்தப் பக்கம் மொறுமொறுன்னு வரும், இந்தப் பக்கம் காஞ்சிரும். அதான் நான் கல்லத் திருப்பித் திருப்பி வைக்கிறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க தோசயத்தான் கேட்டீங்க. வீட்டப் பத்தி எப்பக் கேட்டீங்க?"

அதற்குப் பிறகு, கொத்தனார்கள் பிடிக்கிற மாதிரி, தண்ணீர் நிரப்பிய, கண்ணாடி போன்ற நீளமான பிளாஸ்டிக் குழாயை வைத்து முற்றத்தை அளந்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு சாண் வித்தியாசம். தார்ப் பட்டியும் அதே அளவு சாய்வு. அடித்தவர் தரையிலிருந்து இரண்டடி அளந்து அடித்திருக்கிறார். தரை போன வழியில் அதுவும் போயிருக்கிறது. சாய்வான இடத்திலேயே பிறந்து, சாய்வான வாசலில் நின்று, சாய்வான கோட்டைப் பார்த்து, இருபத்தைந்து வருடம் ஊர்க் கார்களுக்கு நேர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் படம் அனுப்பும்போது நான் ஏன் தரையைக் கேட்கிறேன் என்று இப்போது தெரிந்திருக்கும். அந்தக் குழாய் கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணை நம்பாதீர்கள். அதுவும் நம் மலையில்தான் வளர்ந்தது.

பங்களா ஒப்பந்தம் அந்த வேன்காரனுக்கே போனது. மனேஜர் மனம் மாறவில்லை, மாற வேண்டிய அவசியமும் அவருக்கில்லை. உண்மை சொன்னதற்குப் பரிசு வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. லோகு மறுபடி டவுனில் நின்றான். என் பக்கம் இரண்டு மாதம் வரவில்லை. எங்காவது கார் சத்தம் கேட்டால் நான் எட்டிப் பார்ப்பேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். தோட்டத்தின் மேல் பிரிவிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு மூன்று டீச்சர்மாரைத் தினமும் ஏற்றி இறக்குகிற வேலை கிடைத்திருந்தது. முன்பக்க ஷொக் மாற்ற வேண்டுமாம். அட்டனில் நாலு கராஜ் இருக்க ஏன் இங்கே வந்தாய் என்று நான் கேட்கவில்லை. முற்றத்தில், காருக்குத் தேவையான நீளத்துக்கு, தண்ணீர்க் குழாய் பிடித்து நான் போட்டிருந்த மட்டமான சீமெந்துத் தளத்தைச் செருப்புக் காலால் தட்டிப் பார்த்தான். காரை அதில் ஏற்றினான்.

வேலை முடிந்தது. நான் பின்னால் போய் நின்று பார்க்கப் போனேன். "நீங்க பாக்க வேணாம்ணே" என்றான். என்னையும், தேநீர் கொண்டுவந்த என் மனைவியையும், குந்தியிருந்து அபிப்பிராயம் சொன்ன இரண்டு பேரையும் காருக்குள் ஏற்றினான். தான் மட்டும் வெளியே நின்று, டோர்ச்சோடு தரையில் படுத்து, நாங்கள் ஏறிய காரை நாலு சக்கரத்துக்கும் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். நாங்கள் நாலு பேரும் உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தோம், எக்ஸ்ரே எடுக்கிற மாதிரி. என் மனைவி மட்டும் மெதுவாக, "இப்ப யாரு மெக்கானிக்கு?" என்று கேட்டாள்.

அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். எங்களை அப்படியே ஏற்றிக்கொண்டு அட்டன் இறக்கத்தில் ஓட்டிக்காட்டினான். அதன் பிறகு அந்தக் காரில் எந்த வேலை செய்தாலும் இதுதான் வழக்கம். நான் ஓய்வு பெற்று, ஸ்பெனரைக் கீழே வைத்துவிட்ட பிறகும் இந்தப் பகுதிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுகிறான். வேலை செய்தது உங்களில் யாராக இருந்தாலும் சரி. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்கண்ணே" என்பான். நான் ஏறி உட்காருவேன். பின்சீட்டில், வலது பக்கம், அந்த ஹோஸுக்கு நேர் மேலே.